கறுப்பு வயரில் காய்ந்த வேட்டி

தம்பி, நில்லுங்க நில்லுங்க. ஏணிய அப்படியே கேட் பக்கத்துல சாத்தி வெச்சுட்டு சித்த இப்படி வந்து உக்காருங்க. மாடி எங்கயும் ஓடிப் போயிராது. காப்பி கலக்கி வெச்சிருக்கேன், சக்கரை கம்மியாத்தான். எம் பொண்டாட்டி போனப்பறம் நானே கலக்கிப் பழகுனது, முன்னப்பின்னத்தான் இருக்கும்.

ஏற வேண்டாம்னு சொல்லலீங்க. ஏறுங்க, பாருங்க, உங்க நெட்டு வேலையைப் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி ஒரு விசயம் பேசணும், மேல குடியிருக்கற கோகிலா காதுல உழுகாம பேசணும். அவ கதவைச் சாத்திக்கிட்டுத்தான் உக்காந்திருக்கா. மத்தியானம் அவ கம்பெனியில மீட்டிங்காம். கம்ப்யூட்டர்லயே மூஞ்சி பாத்துப் பேசறது. இனியும் நெட்டு நின்னு நின்னு வந்துச்சுன்னா கோயமுத்தூர் ஆபீசுக்கே வந்துரு, முடியலீன்னா வேற எடம் பாத்துக்கன்னு சொல்லிப்போட்டாங்களாம். படுத்த படுக்கையா இருக்கற தாயை உட்டுட்டு எப்படிப் போவா? அதனால நீங்க இன்னைக்கு மேல போயி எதைப் பாப்பீங்களோ, பாத்துட்டு அவகிட்ட என்னன்னு சொல்லுவீங்களோ, அது சின்ன விசயமில்லீங்க தம்பி. அதான் நிறுத்துனேன்.

குடிங்க, ஆறுது பாருங்க.

அந்தப் பொண்ணு தை மாசத்துல வீடு கேட்டு வந்துச்சு. இந்த வீதியில அதுக்கு யாரும் வீடு குடுக்கல. ஏன்னு உங்களுக்குத் தெரியும். படுத்திருக்கற உசுரு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்ல காரியம் பண்ணணும், அப்பறம் அடுத்த குடித்தனம் வராதும்பாங்க. நான் குடுத்தேன். வாய் உட்டுச் சொல்லியே குடுத்தேன், "அம்மணி, வேற எவனும் குடுக்க மாட்டான், ராக்கியப்பன் குடுக்கறான்"னு. சொல்லிக் காட்டறதுன்னு நெனைக்காதீங்க. அவளுக்குத் தெரியணுமில்ல? அப்பவே கண்டிசனும் சொல்லிப்போட்டேன். தண்ணி மோட்டார் நான்தான் போடுவேன். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. எதுத்துப் பேசக் கூடாது. இதுக்கு முன்னாடி இருந்தவன் மோட்டார் விசயத்துல எதுத்துப் பேசுனான், அந்த வாரமே சட்டி பானையோட வெளிய அனுப்பிச்சேன்னு சொன்னேன். அதைக் கேட்டு அவ தலைய ஆட்டுனா. நல்ல பொண்ணு, மொத நாள்லயே தெரிஞ்சுது.

அவ வேலை என்னன்னு எனக்கு முழுசாப் புரியாது. ஏதோ இன்சூரன்சுக் கம்பெனிக்கு ஆளுங்க போன் பண்ணிக் கேப்பாங்களாம், இவ கம்ப்யூட்டரைப் பாத்துப் பதில் சொல்லணுமாம். நெட்டு போச்சுன்னா பேசிக்கிட்டு இருக்கறவன் நடுவுல அந்துருவான். அப்படி அந்து போனதெல்லாம் இவ கணக்குல ஏறும். இவளே வேணும்னு நெட்டை அணைச்சுப்போட்டுத் தூங்கறான்னு அந்த மேனேசருக்கு நெனப்பு. ஒரு நாளு மாடிப்படியில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா. "நான் பொய் சொல்றேன்னு சொல்றாங்க ஐயா"ன்னு சொன்னா. எனக்கு அப்படியே வயிறு எரிஞ்சு போச்சுங்க. எவன்டா அவன், எங்கூட்டுல குடியிருக்கற பொண்ணைப் பொய்க்காரிங்கறதுன்னு.

அன்னைக்குத்தான் நான் இந்த விசயத்துல எறங்குனது. ஸ்பின்னிங் மில்லுல பிட்டரா இருந்தவன் தம்பி நான். மிசின் ஓடற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிப்போடுவேன். இந்தச் சோப்புப்பெட்டி சைசு நெட்டு டப்பா எனக்கு எம்மாத்திரம்? நானே மேல போயிப் பாத்தேன். அணைச்சுப் போட்டேன். ஸ்டூல் மேல வெச்சேன், பீரோ மேல வெச்சேன். பீரோவே இரும்பு, அதுதான் இழுக்குதுன்னு பீரோவை அடுத்த ரூமுக்குத் தள்ளச் சொன்னேன், அவ ஒத்தையாத் தள்ளுனா. நான் சொல்லச் சொல்ல எல்லாம் பண்ணா. காலையில நல்லா இருக்கும், பத்து மணி வாக்குல சிவப்பு லைட்டு எரியும், மத்தியானச் சோத்துக்கு மேல தானா சரியாயிரும். நீங்க சாயங்காலம் டூட்டி முடிஞ்சு போற வழியில வருவீங்க, எல்லாம் சுத்தமா ஓடும். "நல்லாத்தான இருக்குது"ம்பீங்க. எனக்கு உங்க மேல அப்படி ஒரு கோவம் வரும்.

இன்னொண்ணும் பண்ணச் சொன்னேன். அவ அம்மாவுக்குக் காத்து மெத்தை இருக்குதில்லீங்க, முதுகுப் புண்ணு வராம இருக்க, சின்ன மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குமே, அது. மோட்டாருன்னா மின்சாரத்துல ஒரு கலக்கம் இருக்கும், மில்லுல பாத்திருக்கேன். அதை ரெண்டு நாள் நிறுத்திப் பாரு அம்மணின்னேன். அவ கொஞ்சம் தயங்குனா. "சும்மா டெஸ்டுக்குத்தான், வேலை முக்கியமா இல்லையா"ன்னு கேட்டேன். நிறுத்துனா. நெட்டு ஒண்ணும் சரியாகல. அந்தம்மாவுக்கு முதுகுல தோலு உரிஞ்சு போச்சு. லேசாத்தான். லேசாத்தான்னு கோகிலா சொன்னா. நர்சு வந்து மருந்து போட்டுக்கிட்டுத்தான் இருக்குது இன்னமும்.

அந்தப் பக்கம் பாக்காதீங்க. பாக்காதீங்கன்னா. எதுத்தாப்ல அந்தக் கூண்டெல்லாம் தெரியுதில்ல, காலியா? எதுத்த வீட்டு ஆறுக்குட்டி புறா வளத்துக்கிட்டு இருந்தான். மெத்தை மோட்டார் காரணமில்லேன்னு ஆனதும் என்ற புத்தி புறா மேல போச்சு. வீதியில போற வயர் மேல கூட்டமா உக்காருது, கொத்துது, அதான் அந்து போகுதுன்னு முடிவு கட்டி, வீதியில நின்னு சத்தம் போட்டேன். ஒரு தாயும் மகளும் பொழைக்க முடியாம உன்ற புறா அழும்பு பண்ணுதுடான்னேன். நாலு பேரு கூடிட்டாங்க. அவனும் மொதல்ல ஒரியாடிச் சண்டைக்கு வந்தான், அப்பறம் என்ன நெனச்சானோ, பெருந்துறையில யாருக்கோ எல்லாப் புறாவையும் புடிச்சுக் குடுத்துப்போட்டான். அந்தப் பொண்ணுக்காகன்னு சொல்லித்தான் குடுத்தான். இப்பவும் என்னைப் பாத்தா பேசறதில்ல. புறா போன அடுத்த நாளும் பத்து மணிக்கு நெட்டு போச்சு.

அப்பறம் நீங்க. ஆமாங்க தம்பி, மறைச்சு என்ன பண்றது. உங்க ஆபீசுக்கு போன் போட்டு யுவராஜ்னு வர்றவனுக்குத் தொழில் தெரியல, வேற ஆளை அனுப்புங்கன்னு சொன்னது அவ இல்ல. நான். ரெண்டு தடவை. எல்லாரையும் வெச்சுக்கிட்டு உங்களைப் புடிச்சுக் கத்துனாங்கன்னு கோகிலா சொன்னா. அன்னைக்கு எனக்கு அது நல்லதாத்தான் பட்டுது. கத்துனாத்தான வேலை நடக்கும்னு நெனச்சேன். நீங்க ஒருக்கா வந்து, வயரை இந்த வழியா வேண்டாங்க, பக்கத்துச் சுவத்துல ஒரு ஓட்டை போட்டு வேற வழியா இழுத்துக்கலாம்னு கேட்டீங்களே, ஞாபகமிருக்குதுங்களா? புது பெயிண்டு அடிச்ச சுவரு, ஓட்டையெல்லாம் ஆகாதுன்னு திருப்பி அனுப்பிச்சேன். வேலை தெரியாதவன் சுவத்தை ஒடைக்கப் பாக்கறான்னு நெனச்சேன்.

இனிமேதான் விசயம். இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க.

மாடியில துணி காயப்போடக் கம்பி கட்டியிருக்கேன். பழைய கம்பி. கோகிலா வந்ததுக்கப்பறம் அவ அம்மாவோட விரிப்பு, துணின்னு தினமும் அத்தனை தொவைக்க வேண்டியிருந்துச்சு. பாவம், கம்பியை நீயே வெச்சுக்க அம்மணின்னு உட்டுக் குடுத்துட்டேன். எனக்கு என்ன, ரெண்டு வேட்டி, ஒரு துண்டு. தண்ணித் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவத்துக்கும் நடுவுல கறுப்பா ஒரு வயர் நல்லா விறைப்பாப் போச்சு. கேபிள் டிவிக்காரன் உட்டுட்டுப் போன செத்த வயர்னு நெனச்சேன். எந்த மாடியில இல்ல அது? கேபிளு நின்னு வருசமாச்சு, வயர் மட்டும் ஊரெல்லாம் தொங்குது. நீங்க வந்து நெட்டு மாட்டுன அன்னைக்கு நான் காங்கயத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். எது புதுசு, எது பழசுன்னு எனக்கு யாரு சொன்னா?

கம்பியில போட்டா வேட்டியில துருக்கறை புடிக்கும் தம்பி. இந்த வயர்ல ஒரு கறை வராது. பத்து மணிக்குக் குளிச்சு, தொவைச்சு, நீலம் போட்டு, முறுக்கிப் புழிய இப்பக் கையில வலு இல்ல, தண்ணி சொட்டச் சொட்டக் கொண்டு போயி அதுல போட்டு, ரெண்டு பக்கமும் கிளிப்பை இறுக்கி மாட்டிருவேன். வெளுப்புன்னா அப்படி ஒரு வெளுப்பு. எம் பொண்டாட்டி இருந்தப்பக் கூட அந்த வெளுப்பு இல்லைன்னு நானே மெச்சிக்குவேன்.

புரிஞ்சுதுங்களா? புரிஞ்சிருக்கும். உங்க மொகமே சொல்லுது.

எனக்குப் புரியக் காய்ச்சல் வர வேண்டியிருந்துச்சு. வைகாசியில படுத்துட்டேன். குளியலும் இல்ல, தொவையலும் இல்ல. கோகிலாதான் கஞ்சி கொண்டாந்து குடுத்தா. டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "ஐயா, நீங்க படுத்ததுல இருந்து நெட்டு ஒரு தடவை கூடப் போகலைங்க"ன்னா. சொல்லிட்டு என்ற மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. ராசியான காய்ச்சல் போலிருக்குதுன்னு நான் சிரிச்சேன். அவ போனப்பறந்தான் அது உள்ளுக்குள்ள கொடைஞ்சுது. நான் படுத்தா நெட்டு ஓடுது. நான் எந்திரிச்சா நெட்டு படுக்குது.

ஒடம்பு தேறுன அன்னைக்கு ஒரு வேட்டிய நனைச்சு எடுத்துக்கிட்டு மேல போனேன். வயர்ல போட்டேன். கிளிப்பை மாட்டுனேன். அவ ஜன்னல் வழியா அந்த டப்பா தெரியும். சிவப்பு. வேட்டிய எடுத்தேன். கொஞ்ச நேரத்துல பச்சை. மறுபடி போட்டேன். சிவப்பு. உள்ள அவ "சார், கேக்குதுங்களா, சார், சார்"னு கத்தறா. எடுத்தேன். அதோட எறங்கி வந்திருக்கலாம். ரெண்டு தடவையிலயே தெரிஞ்சு போச்சில்ல. எதுக்கு மூணாவது தடவை போட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல தம்பி. வேற ஏதாவது காரணமா இருந்துராதான்னு ஒரு ஆசைதான். அந்த மூணாவது தடவையில பேச்சு அந்து போன ஆளுதான் மேனேசருக்கே புகார் எழுதிப் போட்டவன்னு அப்பறம் தெரிஞ்சுது.

ஏன் சொல்லலைங்கறீங்களா? சொல்லத்தான் நெனச்சேன். சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன், சாயங்காலம் நர்சு வந்துச்சு. வெள்ளிக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன், அன்னைக்கு அவ முருகன் கோயில்ல இருந்து திருநீறு கொண்டாந்து "உங்களுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேனுங்க"ன்னா. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவீங்க? புறாவை ஓட்டுனவன் நான். மெத்தையை நிறுத்தச் சொன்னவன் நான். அந்தம்மா முதுகை நெனச்சா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க. மேல நர்சு புண்ணு கழுவறப்ப அந்தம்மா முனகறது இங்க கேக்கும். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவேன்.

வேட்டி காயப்போடறதை நிறுத்திட்டேன். அது வரைக்கும் பண்ணிட்டேன். இங்க போர்ட்டிகோவுல போட்டேன். முட்டி வலிக்குது, படியேற முடியலேன்னு சொன்னேன். அவ உடனே, "இனிமே எப்பவும் எங்கிட்டயே குடுத்துருங்கய்யா, நானே கம்பியில போட்டு எடுத்தாந்தர்றேன்"னா. தங்கமான பொண்ணு. ரெண்டு மாசமா என்ற வேட்டியும் அவதான் காயப்போடறா. நின்னு போச்சில்ல, இனி சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு நானும் உட்டுட்டேன். ஆனா வயர் உள்ளுக்குள்ள நசுங்கியிருக்கும் போல. வெயில் ஏறுனா இப்பவும் நெட்டு போவுது. முன்னையாவது நேரம் சொல்லிக்கிட்டுப் போச்சு, இப்ப அதுவும் இல்ல.

இப்ப நீங்க மேல போனா முதல்ல அதுதான் கண்ணுல படும். கிளிப்பு கடிச்ச தடம் வரிசையா இருக்குது. நீலம் கூட அங்கங்க ஒட்டியிருக்குது, நான் ஈரத்துணி வெச்சுத் தேச்சும் போகல. அந்த வயரை மாத்திக் குடுத்துருங்க. சுவத்துல எங்க வேணா ஓட்டை போட்டுக்குங்க, பெயிண்டு போனாப் போகுது. கோகிலாகிட்ட மட்டும் வேட்டியின்னு சொல்லீராதீங்க. அணில் கடிச்சிருச்சுன்னு சொல்லுங்க. இல்லீன்னா முதல்ல மாட்டறப்பவே எங்கயோ மடங்கியிருக்குது, நான் கவனிக்கலைன்னு சொல்லிருங்க. உங்களுக்கு என்ன, ஆபீசுல இன்னொருக்கா கத்துவாங்க. ஏற்கனவே கேட்டதுதான. எனக்கு அப்படியில்லீங்க. அந்தப் பொண்ணு என்னை அப்பன் மாதிரி நெனச்சுக்கிட்டு இருக்கா. அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்.

என்ன தம்பி, தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க? சொல்லுங்க, பரவால்ல.

என்னது?

யாருக்குத் தெரியும்?

மறுபடி சொல்லுங்க. அவளுக்குத் தெரியுமா? எப்ப இருந்து? சித்திரையில இருந்தா? நீங்க சும்மா எதையாவது சொல்லாதீங்க. அவளே கண்ணால பாத்தாளா? பாத்துட்டு உங்களை வரச்சொல்லிக் காட்டுனாளா? அப்ப நீங்க சுவத்துல ஓட்டை கேட்டது... அதுக்குத்தானா? நான் போயிச் சோறு தின்னுட்டுப் படுத்ததுக்கப்பறம் அவ மேல வந்து வேட்டிய எடுத்துக் கம்பியில போட்டுட்டு, நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்து அதே எடத்துல மாட்டி வெச்சாளா? தினமுமா? சோத்து நேரத்துல அந்தம்மாவுக்கு ஊட்டறதை உட்டுட்டா? அதனாலதான் மத்தியானத்துக்கு மேல நெட்டு சரியாச்சா...

மெத்தையை நிறுத்துறப்பவும் தெரியுமா அவளுக்கு?

தெரிஞ்சுக்கிட்டே நிறுத்துனாளா?

ஏன் தம்பி? ஒரு வார்த்தை, ஐயா உங்க வேட்டியை எடுங்கன்னு ஒரே வார்த்தை. நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? என்ன சொன்னா உங்ககிட்ட? நீங்க மென்னு முழுங்காம சொல்லுங்க. "ஊட்டுக்காரருக்குக் கோவம் வந்து காலி பண்ணச் சொல்லிட்டா, அம்மாவைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்"னா? அப்படியா சொன்னா? நீங்களும் அதுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு ஆபீசுல அத்தனை பேச்சு வாங்குனீங்களா? நான் போன் போட்டது தெரிஞ்சுமா?

அந்த டம்ளரை வெய்யுங்க. இல்ல, குடிங்க. எனக்கு ஒண்ணுமில்ல, வேர்க்குது அவ்வளவுதான்.

நான் சொல்லிப்போடறேன் தம்பி. இப்பவே, உங்க முன்னாலயே சொல்லிப்போடறேன். அந்த மீட்டிங்குல நானே பக்கத்துல உக்காந்துக்கறேன். அந்த மேனேசர் மூஞ்சியப் பாத்து, பொய் சொன்னது இந்தப் பொண்ணு இல்ல சார், எல்லாம் இந்தக் கெழவன் பண்ணதுன்னு சொல்றேன். கோகிலா! அம்மணி, கோகிலா! சித்த கீழ வா!

வர்றா. ஓடி வராத அம்மணி, படி வழுக்கும், மெதுவா. இல்ல கண்ணு, நீ இரு, நான்தான் பேசணும், நீ பேசாத. என்ன? எதுக்கு அம்மணி என்ற கால்ல போயி... எந்திரி. முதல்ல எந்திரி. என்ன சொல்றே? சத்தமாச் சொல்லு.

வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டியா? எப்ப? காலையிலயா?

கேட்டீங்களா தம்பி? இனிமே நெட்டு, வயருன்னு உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேங்கய்யா, இந்த நெட்டுக்காரரைக் கோவிச்சுக்காதீங்க, எங்களை மட்டும் காலி பண்ணச் சொல்லீராதீங்கங்கறா. எங்கிட்டக் கை எடுத்துக் கும்பிடறா. இந்தப் பொண்ணு எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறா.

அந்தக் கையை எறக்கச் சொல்லுங்க தம்பி. நான் அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு நீங்களாவது அவகிட்டச் சொல்லுங்க.